கலிஃபோர்னியாவில் 'பார்ட்னர்' பதிவு: விசாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன்

பே ஏரியாவுக்குப் புதிதாக வந்து, கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருக்கும் ஜோடிகளுக்காக இதை எழுதுகிறேன். வேலையில் சேர்ந்ததும் நிரப்பச் சொல்லும் இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'ஸ்பௌஸ் அல்லது டொமஸ்டிக் பார்ட்னர்' (அதாவது கணவன்/மனைவி, அல்லது கல்யாணம் ஆகாமலே அரசிடம் பதிந்துகொண்ட துணை) என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அட, அதைப் பதிவு பண்ணிடுங்க, கல்யாணம் மாதிரிதான்" என்பார். மனுஷன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அநேகமாக விசாக் கவலை இல்லாத கிரீன் கார்டுக்காரராக இருப்பார்.

கதை சுருக்கமாக இது. இந்தப் பதிவு 2000இல் ஆரம்பித்தது. தன்பாலின ஜோடிகளுக்கும், 62 வயதைக் கடந்த ஆண்-பெண் ஜோடிகளுக்கும் மட்டும் என்று இருந்தது. 2005 முதல் மாநிலச் சட்டப்படி கணவன் மனைவிக்கு உள்ள உரிமையும் கடமையும் ஏறக்குறைய எல்லாமே இவர்களுக்கும் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் ஆணோ பெண்ணோ, 18 வயதான எந்த ஜோடியும் பதியலாம். ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, நோட்டரி முத்திரை, கட்டணம். சாக்ரமென்டோவில் இருக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பினால் சான்றிதழ் வந்துவிடும். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம் போல சாட்சிக்கு ஆள் தேட வேண்டாம், நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டாம். அவ்வளவு சுலபம் என்பதால்தான் யாரும் யோசிப்பதில்லை.

என் தோழி ஒருத்தி ஈரோட்டுப் பக்கம். அவளோடு இருந்தவர் ராமநாதபுரம். சாதி வேறு, வீட்டில் பேச்சையே எடுக்க முடியாது. ரிஜிஸ்டர் மேரேஜ் என்றால் என்றைக்காவது அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். பார்ட்னர் பதிவு கல்யாணம் இல்லையே, சொல்ல வேண்டியதில்லை என்பது அவள் போட்ட கணக்கு. அமெரிக்கக் குடிவரவுத் துறையும் பின்னால் அதையேதான் சொன்னது: இது கல்யாணம் இல்லை.

அவள் படித்து முடித்து, மாணவர் விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்க விடும் ஓபிடியில் இருந்தாள். எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழவில்லை. ஓபிடி முடிந்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசம் ஓட ஆரம்பித்தது. அவருக்கு எச்-1பி இருந்ததால், அவரைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஐ-539 விண்ணப்பம் போட்டார்கள், கையில் இருந்த பார்ட்னர் சான்றிதழை இணைத்து. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் பணம் வாங்கிக்கொண்ட ஆசாமிக்கு எச்-4 மனைவிக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அந்த ஆள் மேல்தான். நிராகரிப்புக் கடிதம் வந்தபோது 60 நாள் என்றைக்கோ முடிந்திருந்தது. உடனே கிளம்ப வேண்டியதாயிற்று.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த அவகாசத்துக்குள் ஏதாவது ஒரு காலையில் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்கு பாஸ்போர்ட்டோடு போயிருந்தால் போதும். கலிஃபோர்னியாவில் திருமண லைசென்ஸ் வாங்கக் காத்திருப்புக் காலம் கிடையாது. வாங்கினால் 90 நாள் செல்லும். முன்பதிவு கிடைத்தால் அன்றைக்கே அங்கேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். அதே இருவர் கல்யாணம் செய்துகொள்ள பார்ட்னர் பதிவை ரத்து செய்ய வேண்டியதும் இல்லை.

கடைசியில் ஈரோட்டில் அம்மாவிடம் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது. அழுகை, சண்டை எல்லாம் முடிந்து அம்மா அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இதுல தேதி போட்டிருக்கே, அப்பவே சொல்லியிருந்தா என்ன?" ஊரிலேயே கல்யாணம், பதிவு, பிறகு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எச்-4 முத்திரை. இங்கே பாதி வாடகை கட்ட ஆள் இல்லாமல் வீடு, அங்கே வேலை இல்லாமல் அவள்.

விசா வாஷிங்டன் (மத்திய அரசு) விவகாரம், பார்ட்னர்ஷிப் சாக்ரமென்டோ (மாநில அரசு) விவகாரம். எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி செல்லும் 'திருமணம்' என்று காகிதம் இருந்தால்தான் குடிவரவுத் துறை ஏற்கும். தன்பாலின ஜோடிகளுக்கும் இதுவே விதி. 2013 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவர்களுடைய திருமணம் விசாவுக்குச் செல்லும், பார்ட்னர் பதிவு செல்லாது. 2022இல் வந்த அமெரிக்கச் சட்டமும் திருமணங்களைத்தான் காக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கைவிரித்துவிட்ட நிலையில், ஊரில் முடியாததை இங்கே செய்ய நினைப்பவர்கள் பதிவோடு நிற்காமல் திருமணமே செய்துகொள்ளுங்கள். திருமணம் வேண்டவே வேண்டாம் என்றால், சேர்ந்து வாழும் துணைக்கு பி-2 என்ற சுற்றுலா விசா கேட்கலாம். ஆனால் அதில் வேலையும் பார்க்க முடியாது, கல்லூரியிலும் சேர முடியாது.

கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஊரில் முதலில் கல்யாணம், அப்புறம் பதிவு. இங்கே தலைகீழ்: முதலில் லைசென்ஸ், அப்புறம் தாலி. அர்ச்சகர் லைசென்ஸைப் பார்க்காமல் மந்திரம் சொல்ல மறுத்தால் அவரிடம் கோபப்படாதீர்கள்.

வரி விஷயத்திலும் இதே இழுபறிதான். பார்ட்னரின் இன்ஷூரன்ஸுக்குக் கம்பெனி மாதம் 500 டாலர் கட்டுகிறது என்றால், வருடத்துக்கு 6,000 டாலர் உங்கள் சம்பளமாகக் கணக்கில் ஏறி, அதற்கு மத்திய அரசு வரி பிடிக்கும். கலிஃபோர்னியா பிடிக்காது. கம்பெனி தரும் வருடச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2வில் 1ஆம் கட்டத்துத் தொகையும் (மத்திய வரிக்கானது) 16ஆம் கட்டத்துத் தொகையும் (மாநில வரிக்கானது) ஒத்துப்போகாமல் இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். பதற வேண்டியது இரண்டும் ஒன்றாக இருந்தால்தான். உடனே சம்பளம் போடும் பேரோல் பிரிவில் கேளுங்கள். மத்திய ரிட்டர்னைத் தனித்தனியாகப் போட வேண்டும், இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாதிப் பாதியாகப் பிரித்து, படிவம் 8958 இணைத்து. மாநில ரிட்டர்னில் மட்டும் தம்பதி மாதிரி. மலிவான சாஃப்ட்வேர் இதில் திணறும், ஒரு நல்ல சிபிஏவுக்கு (நம்மூர் ஆடிட்டர் மாதிரி) காசு கொடுப்பது மேல்.

பிரிவதென்றாலும் சாவியைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட முடியாது. ஐந்து வருடத்துக்குள், பிள்ளை இல்லை, வீடு நிலம் இல்லை, கடனும் சொத்தும் குறைவு என்றால் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்கு ஒரு நோட்டீஸோடு முடியும். மற்றவர்களுக்கு விவாகரத்து போலவே கோர்ட்தான். டெக்சாஸுக்குக் குடிபோனாலும் கலிஃபோர்னியா கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்று பதியும்போதே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆகவே பிரிந்த பிறகு ஊருக்குப் போய் அம்மா பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்ள டிக்கெட் போடுகிறவர்கள், இந்தப் பதிவை முதலில் முடித்துவிட்டுப் போங்கள். அந்த நோட்டீஸ் கொடுத்த பிறகும் ரத்து நடைமுறைக்கு வர ஆறு மாதம் ஆகும்.