பொங்கல் நோட்டீஸில் ஒரு வடிவமைப்புப் பாடம்

தரம் 10 பிள்ளையளுக்கு நான் குடுக்கிற வேலை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு நோட்டீஸ். முதல் கணினியைத் தொட விடாதேங்கோ. ஏ4 தாளை ரெண்டாய் மடிச்சால் ஏ5; அதில பென்சிலால் பெட்டி பெட்டியாய்க் கீறட்டும். சுவரில ஒட்டி மூன்று மீற்றர் தள்ளி நிண்டு பாருங்கோ. திகதிக்கு முதல் பூ அலங்காரம் கண்ணில பட்டால் திரும்பக் கீறவேணும்.

பிறகுதான் ஸ்கிரைபஸ் 1.6 எண்ட பக்க வடிவமைப்பு மென்பொருள், இலவசம். எழுத்துரு ரெண்டு போதும். எழுத்தின்ர அளவு தலைப்புக்கு 36 புள்ளி, விபரத்துக்கு 12. எல்லாத்தையும் நடுவில போடுற பழக்கத்தை விடப்பண்ணுறதுதான் பெரும்பாடு. இடப்பக்கம் ஒரே கோட்டில நிறுத்தச் சொல்லுங்கோ.

யூனிகோட் எண்ட பொதுக் குறியீட்டு முறையில அடியுங்கோ. பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச எங்கட நோட்டீஸ், அது இல்லாத கணினியில ஒருக்கா ஆங்கிலக் குப்பையாய்த் திறந்தது!

கறுப்பு வெள்ளைப் பிரிண்டரெண்டால் சிவப்பில பச்சை எழுத்து வேண்டாம். ரெண்டும் சாம்பல்தான்.