கூட்ஸ் ஷெட் மாடல்: தண்டவாளம் பாதி, லாரி பாதி

அறுவடைக் காலத்தில் நீடாமங்கலம் ஸ்டேஷனைக் கடந்தவர்களுக்குத் தெரியும். அரவைக்குப் போகும் நெல்லை ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி நிற்கும். தார்ப்பாயை அவிழ்த்ததும் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் வாங்கி வேகனுக்குள் நுழைவார்கள். கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய நெல் தடம் நெடுகக் கோடு போட்டிருக்கும். இதை மாடல் ரயிலில் கொண்டுவர ஆசைப்படுபவர்கள் தண்டவாளத்தை மட்டும் பார்க்கிறார்கள். மற்ற தவறுகளுக்கெல்லாம் அதுவே தாய்.

சொந்த சைடிங் (ஓர் ஆலைக்கென்றே பிரியும் கிளைத்தடம்) இல்லாத எல்லோரும் சரக்கை ஏற்றி இறக்கும் பொது இடம் கூட்ஸ் ஷெட். அமெரிக்காவில் இதை ‘டீம் டிராக்’ என்பார்கள். டீம் என்பது சரக்கு வண்டியை இழுத்துவந்த குதிரைகளைக் குறிக்கும். பெயரிலேயே வண்டிக்கு இடம் இருக்கிறது. நம் மாடல்களில் அந்த இடம்தான் இருப்பதில்லை. 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்தால், ஒன்பது மீட்டர் லாரி பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். என் முதல் மாடலில் தடத்தை ஒட்டி ஆறு சென்டிமீட்டர்தான் விட்டிருந்தேன். லாரியைப் பின்பக்கமாகத் திருப்பி வேகன் கதவுக்கு நேரே நிறுத்த வழியே இல்லை. சுவரைப் பெயர்த்து, இருபது சென்டிமீட்டர் விட்ட பிறகுதான் அது கூட்ஸ் ஷெட் ஆனது.

அங்கே ஓர் அரிசி ஆலையின் பெயர்ப்பலகையை மாட்டாதீர்கள். மாட்டினால் அது தனியார் சைடிங். இன்று நெல் போகட்டும், நாளை உரம் வரட்டும், அடுத்து சிமென்ட்.

நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இன்றும் ஓடும் மூடு வேகன்களில் ஒரு வகை சுமார் 14.5 மீட்டர், அதில் 42 வேகன் கொண்ட ரேக் (முழு வேகன் தொடர்) மாடலில் ஏழு மீட்டர் பிடிக்கும். எந்த வீட்டில் அவ்வளவு இடம்? அதற்காக இன்றைய ரேக்கை மூன்று வேகனாக வெட்டினால் பார்க்கச் சகிக்காது. மீட்டர் கேஜ் காலத்துக்குப் போய்விடுங்கள் என்பதே என் யோசனை. அன்று ஒன்றிரண்டு வேகன்களைக்கூட வண்டியிலிருந்து கழற்றி விட்டுப் போவார்கள். நாலு வேகனே நிறைவாக இருக்கும், வேகன்களைக் கழற்றித் தடம் மாற்றிச் சேர்க்கும் ஷண்டிங் வேலையும் கிடைக்கும்.

ஆனால் அதற்கு இரு தண்டவாளங்களுக்கும் இடையே 12 மி.மீ. உள்ள தடம் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடம் 1435 மி.மீ. பாதைக்கானது. நம் அகலப்பாதைக்கும் அது பொருந்தாது, 1676 மி.மீ.க்கு 19 மி.மீ.யைத் தாண்டும். ஆண்டையும் கவனியுங்கள். நீடாமங்கலத்திலிருந்து பிரியும் மன்னார்குடிப் பாதை 1976இல் மூடப்பட்டு 2011இல்தான் அகலப்பாதையாகத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே சரக்கு வேகனை நிறுத்தினால் ஊர்க்காரர் ஒருவராவது கேட்பார்.

இன்னொன்று, வேகனை அலங்காரப் பொம்மையாக நிறுத்திவைப்பது. உரிய நேரத்துக்குள் வேகனை விடுவிக்காவிட்டால் டெமரேஜ் என்ற கட்டணம். இறக்கிய சரக்கை ரயில்வே இடத்தில் போட்டுவைத்தால் வார்ஃபேஜ். இரண்டும் வேறு. பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்து மாடலை ஓட்டிப் பாருங்கள்: நேரம் முடிவதற்குள் கடைசி லாரி வந்தாக வேண்டும்.