பேப்பர் போடும் முன்: நோட்டீஸ் பீரியடை முறையாக முடிப்பது எப்படி?

புதுக் கம்பெனியில் ஆஃபர் கைக்கு வந்ததும் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் தனியார் அலுவலக வேலையில் இருப்பவர் விலகும் முன் எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவர் கையெழுத்திட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் முடிவு செய்கிறது. அதனால் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.

படி 1: ஆர்டரை எடுத்துப் படியுங்கள்

30 நாளா, 60 நாளா, 90 நாளா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். "நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று பொதுவாக எழுதியிருந்தால், பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே கிளம்பும் வழி உங்களுக்கும் உண்டு. "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று சேர்த்திருந்தால், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து, நோட்டீஸில் குறையும் நாட்களுக்கான பிடித்தம் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) கணக்கிலா, கிராஸ் (படிகள் சேர்ந்த மொத்தச் சம்பளம்) கணக்கிலா? மாதம் பேசிக் 30,000, கிராஸ் 60,000 என்று வைத்துக்கொள்வோம். 40 நாள் குறைந்தால் பேசிக் கணக்கில் 40,000 ரூபாய், கிராஸ் கணக்கில் 80,000. ஒரே ஒரு சொல்லால் தொகை இரட்டிப்பாகிறது.

பாண்ட் (இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் அதையும் பாருங்கள். "பாண்டெல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மூன்று ஆண்டு பணியாற்ற வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

படி 2: எழுத்தில் கொடுங்கள்

வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து மெயில் அனுப்புங்கள்: "ராஜினாமா செய்கிறேன். நோட்டீஸ் காலம் இன்றைய தேதியிலிருந்து தொடங்குகிறது. ஒப்பந்தப்படி என் கடைசி வேலை நாள் (தேதி)." காரணத்தை விளக்கத் தேவையில்லை. தேதி தெரியும்படி ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள்.

படி 3: சீக்கிரம் விடுவிக்கக் கேளுங்கள்

மீதமிருக்கும் விடுப்பைக் கழிக்க முடியுமா, வேலையை முன்னதாகவே ஒப்படைத்துவிட்டால் விடுவிப்பார்களா என்று கேளுங்கள். புதுக் கம்பெனியே பை-அவுட் தொகையை (குறையும் நோட்டீஸ் நாட்களுக்காகக் கட்டும் பணத்தை) தருவதும் உண்டு. எது முடிவானாலும் மெயிலில் வாங்குங்கள். பிடித்தத்தின் மேல் ஜிஎஸ்டி கேட்டால் மறுக்கலாம். நோட்டீஸ் பணத்துக்கு அந்த வரி இல்லை என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது.

படி 4: கடைசி நாள் வரை வேலை செய்யுங்கள்

நோட்டீஸ் காலத்திலும் நீங்கள் முழு ஊழியர்தான். சம்பளம், பிஎஃப் எல்லாம் வழக்கம்போல வர வேண்டும். நீங்களும் வழக்கம்போல வேலை பார்க்க வேண்டும், கேடி கொடுக்க வேண்டும், அதாவது உங்கள் வேலையை அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

"விடவே மாட்டோம்" என்று மிரட்டினால்? விருப்பமில்லாதவரை ஒரு கம்பெனியில் வேலை செய்யும்படி நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 14-வது பிரிவு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் பாதியில் போனால் இழப்பீடு கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. அதற்கும் வரம்பு இருக்கிறது: ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேல் போகாத நியாயமான இழப்பீடு மட்டுமே. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். "அப்ஸ்காண்டிங்" என்று பதிவாகிவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைப்பது கஷ்டம், அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பிலும் அது தெரியவரும்.

படி 5: கணக்கை முடியுங்கள்

லேப்டாப், அடையாள அட்டையை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்" என்பது பல இடங்களில் பழகிப்போன பதில். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு (Code on Wages), ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடித்தவருக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு, அதற்குக் கெடு 30 நாள்.

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், ஃபார்ம் 16 மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பிஎஃப் தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்றாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி மூலம் நீங்களே பதிவு செய்யலாம்.