எங்கள் குழுவின் கிண்டல்களை டெலிகிராம் ஸ்டிக்கராக்குவது எப்படி: ஒரு செய்முறை விளக்கம்

லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி என்று ஆர்வத்துக்காகக் கற்றுக்கொள்கிறவர்கள் சேர்ந்த ஒரு சின்னக் குழுவில் நான் இருக்கிறேன். எல்லோரும் சென்னைக்காரர்கள். தாம்பரத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் உண்டு. யாராவது "வைஃபை வேலை செய்யல" என்று போட்டால் போதும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா தலைவா?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். பதில் அப்புறம்தான் வரும். புதிதாக வருகிறவர்களுக்குக் கூச்சம் விடுவது இந்தச் சிரிப்பில்தான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் குழுவில் திரும்பத் திரும்ப வரும் வசனங்களை ஸ்டிக்கராக மாற்றினேன். 18 ஸ்டிக்கருக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வசனம்

பழைய அரட்டையைப் பின்னோக்கித் தள்ளிப் படித்து, அடிக்கடி வருகிறவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் போனால் கைப்பேசியில் படிக்க முடியாது. "என் மெஷின்ல ஓடுதே!", "கம்பைல் ஆகுது, டீ குடிப்போம்", "செமிகோலன் எங்க மச்சி?" இவையெல்லாம் சரியான அளவு. பேசுகிற மாதிரியே எழுதுங்கள். "பார்த்தாயா" என்று திருத்தினால் அதில் உயிர் இருக்காது.

ஒரு வசனத்தை மட்டும் நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்: "கூகுள்ல தேடுனியா?" தெரிந்தவர்களுக்குள் அது வேடிக்கை. முதல் நாள் கேள்வி கேட்கிற ஒரு பெண்ணுக்கு அது மட்டும் பதிலாக விழுந்தால், அடுத்த கேள்வி வராது. கிண்டல் கணினியைப் பற்றியோ நம் எல்லோருக்கும் நேர்கிற நிலைமையைப் பற்றியோ இருக்கட்டும்.

ஒருவரின் சொந்த வசனமாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்த வங்கி ஐயா எப்போதும் "சுடோ போடாதீங்க தம்பி" என்பார் (சுடோ என்பது லினக்ஸில் நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சொல்). கேட்டேன். "தங்கச்சிகளும் போடுறாங்களே, அவங்களுக்கும் ஒண்ணு செய்யுங்க" என்றார். அப்படித்தான் அது இரண்டு ஸ்டிக்கரானது.

படம்

லினக்ஸ் பென்குயின் டக்ஸைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். 1996-ல் லேரி யூயிங் அதை வரைந்தது கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில். தன் பெயரையும் கிம்ப்பையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று அவர் அனுமதி தந்திருக்கிறார். நானும் அந்தக் கிம்ப்பிலேயே அதன் கையில் டபரா டம்ளரைக் கொடுத்தேன். குழுவில் ஸ்டிக்கரைப் பகிரும்போது யூயிங், கிம்ப் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டேன், நீங்களும் போடுங்கள். 1024-க்கு 1024 அளவில், பின்னணி இல்லாத வெற்றுத் தாளில் தொடங்குங்கள். கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து: நான் மாட்டிக்கொண்ட இடம்

இங்கேதான் ஒரு முழு சனிக்கிழமை போயிற்று.

முதலில் ஒரு கைப்பேசிச் செயலியில் எழுத்தைச் சேர்த்தேன். "என் மெஷின்ல ஓடுதே" என்பதில் 'மெ'யின் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நின்றது, 'தே'யும் அப்படியே. காரணம் எளிது. யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுமுறை) மெய்க்கும் உயிர்மெய்க் குறிக்கும் ஒரே வரிசைதான்: முதலில் 'ம', அப்புறம் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது மென்பொருளின் வேலை. 'கொ' மாதிரி எழுத்தில் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத செயலியில் நீங்கள் எந்த எழுத்துரு போட்டாலும் பயனில்லை. கிம்ப், இங்க்ஸ்கேப் (இன்னொரு வரைகலை மென்பொருள்) இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தின் உதவியோடு இதைச் சரியாகச் செய்கின்றன. எந்தச் செயலியானாலும் முதலில் "கொ கே கௌ" என்று தட்டிச் சோதியுங்கள். பத்து நொடி வேலை.

கிம்ப்புக்கு மாறிய பிறகு இன்னொரு சிக்கல். எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருக்கிறேன், தமிழ் மட்டும் மாறவே இல்லை! நான் தேர்ந்தெடுத்தவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அப்படியானால் கிம்ப் சொல்லாமல் கொள்ளாமல் கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக் காட்டிவிடும். ஆகவே, தமிழ் உள்ள எழுத்துருவை நிறுவிவிட்டு, எழுத்துருப் பட்டியலின் கீழே இருக்கும் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். இல்லாவிட்டால் கிம்ப்பை மூடித் திறந்தால்தான் புதியது பட்டியலில் வரும்.

எதை நிறுவுவது? பாலூ தம்பி 2 என்ற எழுத்துருவை. தடிமனாக, உருண்டையாக, சிரித்த முகத்தோடு இருக்கும். கேட்டமரன் எழுத்துருவின் தடித்த வடிவமும் நன்றாக இருக்கிறது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மெல்லிய எழுத்துருக்கள் வேண்டவே வேண்டாம், சின்ன அளவில் 'ணை', 'ஞா' எல்லாம் அடைத்துக்கொள்ளும். பாமினி என்ற பழைய எழுத்துருவும் வேண்டாம், அது யூனிகோடு அல்ல. தட்டச்சுக்கு என் ஓட்டு தமிழ்99 விசைப்பலகைக்குத்தான். ஒரு வாரம் பழகினால் போதும், வேறெதற்கும் கை போகாது.

வெள்ளை ஓரம்

கறுப்பு எழுத்து டார்க் மோடில் காணாமல் போகும், அதனால் இதைத் தவிர்க்காதீர்கள். படம், எழுத்து இரண்டையும் ஒரே லேயராக (அடுக்காக) ஆக்கி, அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஆல்ஃபா டு செலக்‌ஷன்' கொடுங்கள். செலக்ட் மெனுவில் 'க்ரோ' போய் 16 பிக்ஸல். கீழே புதிய லேயர் ஒன்றைச் சேர்த்து வெள்ளையை ஊற்றுங்கள். அவ்வளவுதான். பிறகு இமேஜ் மெனுவில் 'க்ராப் டு கன்டென்ட்' கொடுத்து, நீளமான பக்கம் 512 பிக்ஸல் ஆகும்படி சுருக்கி, பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் சரியாக 512 இருக்க வேண்டும், மற்றது குறைவாக இருக்கலாம்.

டெலிகிராமில் ஏற்றுதல்

'ஸ்டிக்கர்ஸ்' என்ற அதிகாரபூர்வ 'பாட்' (bot), அதாவது தானாகப் பதில் தரும் கணக்கைத் திறந்து, மெனுவில் 'நியூபேக்' கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும், தமிழிலேயே கொடுக்கலாம். அடுத்து படத்தை அனுப்பி, அதற்குப் பொருத்தமான ஓர் எமோஜியையும் அனுப்புங்கள். எல்லாம் முடிந்ததும் 'பப்ளிஷ்'. ஐகான் கேட்டால் 'ஸ்கிப்' கொடுத்துவிடலாம். கடைசியாகக் கேட்கும் சுருக்கப் பெயர்தான் இணைப்பு முகவரியாகும், அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே செல்லும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த இருவர், பாட் படத்தை ஏற்க மறுக்கிறது என்று எழுதினார்கள். இருவரும் படத்தை ஃபோட்டோவாக அனுப்பியிருந்தார்கள். ஃபைலாக அனுப்ப வேண்டும். ஃபோட்டோவாக அனுப்பினால் டெலிகிராம் அதைச் சுருக்கிவிடும், பின்னணியின் ஒளிஊடுருவலும் போய்விடும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது, மன்னிக்கவும்.

வேளச்சேரியிலிருந்து ஓர் அக்கா, வாட்ஸ்அப்புக்கும் இதே கோப்பு போதுமா என்று கேட்டார். போதாது. அங்கே இரண்டு பக்கமும் 512 இருக்க வேண்டும், வெப்பி (WebP) என்ற பட வடிவில், 100 கேபிக்குள். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகபட்சம் 30.

எழுத்துப்பிழை இருப்பதைப் பிறகு கவனித்தால் தொகுப்பையே அழித்துவிடாதீர்கள். 'ரீப்ளேஸ்ஸ்டிக்கர்' கட்டளையைக் கொடுத்து, பழையதைக் காட்டி, திருத்திய ஃபைலை அனுப்பினால் அந்த ஒன்று மட்டும் மாறும். எங்கள் "செமிகோலன்" ஸ்டிக்கரில் 'மி'யை 'மீ' என்று போட்டிருந்தேன். மயிலாப்பூர் ஐயா கண்டுபிடித்துச் சொன்னார், இப்படித்தான் மாற்றினேன்.