பக்கிக்குப் பெரிய டயரா? முதலில் ரிம்மைப் படியுங்கள்

டர்பன் பக்கம் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கிக்கு (பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டி) குறைவே இல்லை, இங்கே பிராஸ்பெக்டனில்தான் தயாராகிறது. சானி பாஸ் மலைப்பாதை ஏறும் ஆசை வந்ததும் பலரும் நேரே பெரிய டயரின் விலையைக் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன் ரிம்மில் உள்ள எண்களைப் பாருங்கள்.

படி 1: ரிம்மின் பின்புறத்தைத் துடைத்தால் ‘7.5 ஜே × 17, ஈடி 30’ என்பதுபோல் பொறித்திருக்கும். 17 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில். வெளி உதட்டில் (ரிம்மின் விளிம்பில்) டேப் வைத்து அளக்காதீர்கள், கூடுதலாகக் காட்டும். 7.5 என்பது இரண்டு உதடுகளின் உள்முகங்களுக்கு இடையிலான அகலம். ஜே, உதட்டின் வடிவம். ஈடி பற்றிப் படி 3-இல்.

படி 2: டயரின் முழு உயரம். 265/65 ஆர் 17 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பங்கு, அதோடு 17 × 25.4. மொத்தம் 776 மி.மீ. அதே ரிம்மில் 265/70 போட்டால் 803. வண்டி 13 மி.மீ. உயரும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அதை மனதில் வைத்து ஓட்டுங்கள். வாங்கப்போகும் டயருக்கு உங்கள் ரிம் அகலம் பொருந்துமா என்பதை டயர் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள்.

படி 3: ஈடி. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ரிம் அகலத்தின் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் (சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் அச்சுமுனை) பதியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே ஈடி. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளும். 7.5 ஜே ஈடி 30-ஐக் கழற்றிவிட்டு 9 ஜே ஈடி 0 மாட்டினால், அகலத்தால் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ., ஈடியால் 30. வெளி உதடு 49 மி.மீ. வெளியே வந்துவிடும்! உட்பக்கத்தில் 11 மி.மீ. இடைவெளி கூடும், சரி. ஆனால் வீல் பேரிங்கில் சுமை ஏறும், கதவெல்லாம் சேறு, திருப்பும்போது டயர் பம்பர் ஓரத்தில் உரசும். பார்வைக்கு அகலமாகத் தெரிவதற்காக இதைச் செய்ய வேண்டாம். பழைய ரிம்மிலேயே 265/70 போதும் என்பேன்.

படி 4: வேறு ரிம்தான் வேண்டுமென்றால், ஹைலக்ஸுக்கு 6 போல்ட், போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ., நடுத்துளை 106.1 மி.மீ. துளை சிறிதானால் ஹப்பில் ஏறவே ஏறாது.

படி 5: மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். அப்புறம் பின்னால் சுமை ஏற்றி, மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டி உரசல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஸ்பேர் வீலும் அதே அளவில் இருக்கட்டும். 4×4 (நான்கு சக்கரமும் இழுப்பது) போட்டு ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சிறிதாக இருந்தால் கியர் பகுதிகளுக்குக் கேடு. புதிய ஸ்பேர் வீல் பின்தொட்டிக்கு அடியில் நுழைகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.