எடை குறைய இரைப்பையில் வளையம் (பேண்ட்) போட்டவர்கள் மலையில் செய்யும் தவறுகள்

பத்து வருடங்களுக்கு முன்பு உடல் எடை குறைய என் அக்காவுக்கு கோயம்புத்தூரில் இரைப்பையில் பேண்ட் போட்டார்கள். குன்னூரிலிருந்து அவளோடு மலை இறங்கி ஏறியவன் நான், டாக்டர் இல்லை. ஆபரேஷன் ஒழுங்காகத்தான் நடந்தது. தவறுகளெல்லாம் அப்புறம், எங்கள் வீட்டு அடுப்படியில் நடந்தவை.

முதலில் இது என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவது ஸ்லீவ், அதுவும் வேறு. பேண்ட் என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் சிலிக்கான் வளையம். அதற்கு மேலே சின்னதாக ஒரு பை உருவாகும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது போலிருக்கும். வளையத்திலிருந்து வரும் மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பட்டன் மாதிரி இருக்கும் போர்ட்டில் முடியும். அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்து ஒரு காலத்தில் பரபரப்பாக இருந்த சிகிச்சை. இப்போது பெரும்பாலும் ஸ்லீவ்தான் செய்கிறார்கள். "வெட்டுவது இல்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், லேசான ஆபரேஷன்" என்று நினைத்து பேண்ட் கேட்பது தவறு. வளையம் நழுவியது, குழாய் கசிந்தது என்று மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போனவர்கள் நிறைய.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் குளிருக்கு நாலு தடவை டீ, கூடவே வர்க்கி. அக்கா சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டாள், எடை மட்டும் இறங்கவில்லை. காரணம் டம்ளரில் இருந்தது. பேண்ட் தடுப்பது திட உணவைத்தான். சர்க்கரை போட்ட பால் டீ, டீயில் ஊறிக் கூழான வர்க்கி, வாயில் கரையும் ஊட்டி சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் வளையத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறையாது, கலோரி மட்டும் சேரும். போதாததற்கு, சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு இது இரட்டை நஷ்டம்.

இன்னொரு பக்கம், குளிரில் தாகமே தெரிவதில்லை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னதை அக்கா நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது என்பது போல எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் மட்டும்தான் விலக்கு; மற்ற நேரத்தில் மடக்கு மடக்காகக் குடித்தே ஆக வேண்டும். கடைசியில் ஒரு ஃப்ளாஸ்க் நிறைய இளஞ்சூட்டுச் சீரகத் தண்ணீரைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தோம். அது வேலை செய்தது.

குழைந்த சோறு, பிரெட், நார் நாரான இறைச்சி ஆகியவை உருண்டையாகிச் சிக்கிக்கொள்ளும். நெஞ்சு அடைப்பது போலிருந்தால் அந்த வாயோடு நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் யோசனை, ஆனால் தப்பு. எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அது அவசரம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நான் அதிகம் வருத்தப்படுவது இருமலைப் பற்றி. சீக்கிரம் இளைக்க வேண்டுமென்று அக்கா கேட்டுக் கேட்டு வளையத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். சில மாதத்தில் ராத்திரி படுத்தால் இருமல். "பனி, வேறென்ன" என்று நாங்கள் கஷாயம் வைத்தோம். பனியில்லாத சித்திரையிலும் இருமல் நிற்கவில்லை. வளையம் அதிகம் இறுகியதால் சாப்பிட்டது மேலேறி, படுத்ததும் தொண்டைக்கு வந்திருக்கிறது. இப்படியே விட்டால் உணவுக்குழாய் விரிந்துவிடலாம். உப்புநீரைக் கொஞ்சம் எடுத்ததும் இருமல் நின்றது. இறுக்கம் கூடினால் எடை கூடுதலாகக் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ குறைந்தாலே பேண்டுக்கு நல்ல வேகம்.

மலைப்பாதைக்கும் இதில் பங்கு உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள் கீழே போவதற்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை கேட்டு வாங்கிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் வளையம் நழுவலாம். வாந்தி வாரக்கணக்கில் நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றியாவது மேட்டுப்பாளையம் இறங்கலாம். மழையைச் சாக்கிட்டு பரிசோதனையை மூன்று மாதம் தள்ளிப்போட்டது எங்கள் தவறு.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றை நல்லவேளையாகத் தவிர்த்தோம். "இங்கேயே கிளினிக்கில் ஊசி போட்டுத் தண்ணியை எடுத்துடலாம்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். போர்ட்டில் குத்துவதற்குத் தனி ஊசி இருக்கிறது. சாதாரண ஊசி போர்ட்டின் மேல் இருக்கும் ரப்பரைக் கிழித்துக் கசிய வைத்துவிடும்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண்ணாகும். சர்க்கரை மாத்திரையை எடை குறையக் குறைய டாக்டர்தான் குறைக்க வேண்டும். பிள்ளை பெறும் திட்டம் இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வருடம் பொறுங்கள். எடை குறையும்போது கரு தங்கும் வாய்ப்பு கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வருடங்கள் கழித்து திடீரென்று நிறையச் சாப்பிட முடிந்தாலோ, போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைத்தாலோ, தோல் புண் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்கக் கூடாது. வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்தால் தெரிந்துவிடும்.

அக்காவின் மணிபர்ஸில் இன்றும் ஒரு மடித்த தாள் இருக்கிறது: எந்தக் கம்பெனி பேண்ட், கடைசியாக எத்தனை மில்லி ஏற்றினார்கள், எந்தத் தேதியில். ஒரு ராத்திரி குன்னூரில் அவசரமாக டாக்டரிடம் ஓடியபோது அவர் முதலில் கேட்டது அதைத்தான்.