தோட்டத்து ஓட்டக்காரரின் பதிவை மீட்பது எப்படி

1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்ற மலேசியாவின் ராஜமணிக்கு ஏட்டில் பதிவு இருக்கிறது. அதே காலத்தில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், அங்கே திடல்தடப் போட்டிகளில் ஓடியவருக்கு மிஞ்சியது அலமாரியில் கறுத்துப்போன ஒரு கிண்ணம். அங்கிருந்தே தொடங்குங்கள்.

கிண்ணத்தைப் பிராசோ போன்ற உலோக மெருகுப் பூச்சு போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் உரிந்தால் எழுத்தும் போய்விடும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டெழுத்து நிழல் விழுந்து தெரியும், அப்படியே படமெடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பிய்க்கவும் வேண்டாம். கழன்று வருவதென்றால் பின்பக்கம் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் தேதியோ இருக்கும்.

கூட ஓடியவர்களிடம் "எத்தனை வினாடி?" என்று கேட்காதீர்கள். வருடத்துக்கு வருடம் அந்த எண் குறைந்துகொண்டே வரும். எந்த ஆண்டு, எந்தத் திடல், இரண்டாவதாக வந்தவர் யார் என்று கேளுங்கள். அந்த இரண்டாம் ஆளைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. தோற்றவர் லேசில் மறப்பதில்லை.

ஆண்டு கிடைத்ததும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்துக்குப் போங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இரண்டும் அங்கே உண்டு. பெயரை மட்டும் போட்டால் ஏமாறுவீர்கள்: முனியாண்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள், போதாததற்கு மங்கிய அச்சைக் கணினியும் தப்பாகப் படித்திருக்கும். கல்லூரிப் பெயரையும் போட்டியையும் சேர்த்துத் தேடி, போட்டி நாளுக்கு அடுத்த மூன்று நாள் விளையாட்டுப் பக்கங்களைக் கண்ணால் புரட்டுங்கள். 2019இல் நின்றுபோன தமிழ் நேசனுக்குக் கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது கெஜத்தில்தான். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். அதை 10.2 வினாடியில் ஓடியதை 100 மீட்டர் என்று எழுதினால், நம் ஊர்க்காரர் அக்கால உலகத் தரத்துக்கு ஏறிவிடுவார்! 440 கெஜம் 402.34 மீட்டர், 400 மீட்டருக்கு ஒப்பிட 0.3 வினாடி கழிப்பது வழக்கம். இந்த 400 மீட்டர் நேரம் நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்த கைநேரமென்றால், மின்னணு நேரத்தோடு ஒப்பிட அதில் 0.14 கூட்டுங்கள். 50.1 இப்படி 49.94 ஆகும். ஆனால் நீங்கள் எழுதும் பதிவில் முதலில் வரவேண்டியது "440 கெஜம், 50.1, கைநேரம்" என்ற மூலக் கணக்கு. 1960களின் கல்லூரிப் போட்டிக்கு யாராவது இரண்டு தசம நேரம் சொன்னால் சந்தேகப்படுங்கள். ஆண்கள் ஈட்டி 1986இல் வடிவம் மாறியது. முந்தைய தூரத்தை இன்றையதோடு ஒப்பிடவே வேண்டாம்.

பெயரை ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடியும் தமிழிலும் எழுதி, அச்சுக்குமுன் அவரிடமோ குடும்பத்திடமோ காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.